அதையும் எழுதுங்க

அப்பீல் அக்காவுக்கு அந்தப் பெயரை வைத்தது வேறு யாருமில்லை, கட்டிய புருஷன்தான். கல்யாணமான புதிதிலிருந்தே வீட்டில் எந்த முடிவு எடுத்தாலும் அவள் "இதை நான் ஒத்துக்க மாட்டேன்" என்றுதான் ஆரம்பிப்பாள். சுவருக்கு என்ன சாயம் அடிப்பது, பெண்ணை எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது, மாமியார் எந்த மகன் வீட்டில் இருப்பது, எதுவானாலும் முதல் தீர்ப்பு அவளிடம் செல்லாது. "இவகிட்ட பெரிய கோர்ட்டே நிக்க முடியாதுப்பா, உடனே அப்பீல் போயிடுவா" என்று அவர் நாலு பேர் முன்னால் சொல்லிச் சிரித்தது தெரு முழுக்கப் பரவியது. கடைசியில் அவள் ஓட்டிய பள்ளிக்கூட வேனில் ஏறும் வாண்டுகள்கூட அப்பீல் அக்கா என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். ஆச்சரியம் என்னவென்றால், அந்தப் பெயரை மட்டும் அவள் எதிர்க்கவே இல்லை.

வேன் அவளுடைய சொந்த வேன். ஸ்டியரிங்கைப் பிடித்தால் அவளுக்கு ஒரு தோரணை வந்துவிடும். குறுக்கே வருகிற லாரிக்காரனைக் கண்ணாடியை இறக்கிவிட்டு இரண்டு வார்த்தை கேட்காமல் போக மாட்டாள். பின்னால் அடித்துக்கொள்ளும் பிள்ளைகளைத் திரும்பிப் பார்க்காமலே பெயர் சொல்லி அதட்டுவாள். புருஷன் லிஃப்ட் மெக்கானிக். உயரமான கட்டடங்களில் லிஃப்ட்டுக்கு எண்ணெய் போட்டு, கயிறு பார்த்து, பிரேக் பார்த்துக் கொடுக்கிற ஒரு கம்பெனியில் வேலை. கெட்டிக்கார மனுஷன்தான். சம்பள நாள் வந்தால் மட்டும் தண்ணி போட்டுவிடுவார்.

அதற்காக அவர்கள் போட்ட சண்டையை இங்கே எழுதினால் இடம் போதாது. குடிகாரா என்று அவள் திட்டுவது எதிர்வீட்டுக்கும் கேட்கும். திருத்திப் பார்த்தாள், முடியவில்லை. சரி, என் எல்லைக்குள்ளாவது ஒரு சட்டம் இருக்கட்டும் என்று ஒன்று வைத்தாள். தினமும் காலையில் வேன் போகிற வழியில்தான் அவருக்கும் வேலை. பிள்ளைகளோடு அவரையும் ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிடுவாள். ஆனால் ஏறுவதற்கு முன்னால் வேன் கதவருகே நின்று அவர் அவள் முகத்துக்கு நேராக ஊதிக் காட்ட வேண்டும். முந்தின நாள் வாடை மிச்சம் இருந்தால்கூடக் கதவு சாத்தப்படும்.

பிள்ளைகளுக்கு இது தினசரி வேடிக்கை. அவர் வருகிறார் என்றாலே ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டு, "ஊது மாமா ஊது" என்று ஒரே குரலில் கத்துவார்கள். அவரும் கன்னத்தை உப்பிக்கொண்டு பலூன் ஊதுகிற மாதிரி ஊதுவார். சம்பளத்துக்கு மறுநாள் ஒரு மழைக்காலையில் அவரை அப்படியே தெருவில் நிறுத்திவிட்டு அவள் வண்டியை எடுத்துக்கொண்டு போனதைப் பார்த்தவர்கள் உண்டு. நனைந்துகொண்டே கையாட்டினாராம்.

விபத்து நடந்த அன்றைக்கு மாதத்தின் நடு. காலையில் ஊதினார், பிள்ளைகள் கத்தினார்கள், ஏற்றிக்கொண்டாள். ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் வாசலில் இறக்கிவிட்டாள். டீ நேரத்துக்குள் போன் வந்துவிட்டது. லிஃப்ட் பெட்டியின் தலைமேல் நின்று அவர் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது யாரோ மேலே சுவிட்சைப் போட்டுவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் சில நாள் மூச்சு மட்டும் ஓடியது. அப்புறம் அதுவும் நின்றது.

காரியமெல்லாம் முடிந்த பிறகு கம்பெனி மேனேஜர் வீட்டுக்கு வந்தார். பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துகொண்டு, குரலைத் தாழ்த்தி, "அவரு அன்னிக்குக் கொஞ்சம் போட்டுட்டு வந்திருந்தாரும்மா. சூப்பர்வைசருக்கு வாடை வந்திருக்கு. மெயின் சுவிட்சை அணைக்காம மேல ஏறிட்டாரு. நீங்க இதைப் பெருசு பண்ணாம இருந்தா உங்களுக்கும் நல்லது" என்றார்.

"எந்திரிங்க" என்றாள் அப்பீல் அக்கா.

"இல்லம்மா, நான் என்ன சொல்ல வர்றேன்னா..."

"முதல்ல நாற்காலிய விட்டு எந்திரிங்க. அந்த மனுஷனைக் குடிகாரன்னு சொல்ற உரிமை ஒருத்திக்குத்தான் உண்டு. கழுத்தை நீட்டினவ நான். நீங்க யாரு?"

அவர் எழுந்து போனார். அவள் வழக்குப் போட்டாள். நஷ்டஈடு கேட்டுத்தான் மனு. இல்லையென்று சொன்னால் அது பொய். ஆனால் அவளுக்கு உள்ளே எரிந்தது வேறு. செத்தவர் திரும்பி வந்து வாதாட முடியாது. குடித்துவிட்டுச் செத்தான் என்று ஒரு தடவை எழுதிவிட்டால் அந்த மனுஷனுக்கு அதுதான் கடைசிப் பெயர். அதை அவளால் தாங்க முடியவில்லை.

கோர்ட்டைப் பற்றிப் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? வாய்தா, வாய்தா, மறுபடி வாய்தா. நீதிபதி லீவு, வக்கீலுக்குக் காய்ச்சல், எதிர்த்தரப்புக்கு அவகாசம். தாழ்வாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்து உட்கார்ந்து அவளுக்கு அங்கே வருகிற எல்லார் குடும்பக் கதையும் அத்துப்படியாகிவிட்டது. ஒருவழியாக அவளைக் கூண்டில் ஏற்றிய நாளில், மகளும் லீவு போட்டுவிட்டு வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

அந்த ஹாலில் ஒரு நடைமுறை உண்டு. சாட்சி பேசுவார். நீதிபதி கேட்டுக்கொள்வார். பிறகு அதைத் தன் வாய்க்குள் ஒரு தடவை உருட்டிச் சுருக்கி, கோர்ட்டுத் தமிழில் டைப்பிஸ்ட் அம்மாவுக்குச் சொல்வார். டைப்பிஸ்ட் அம்மா அடிப்பார். கம்ப்யூட்டர் திரை நீதிபதிக்கும் டைப்பிஸ்டுக்கும்தான் தெரியும். கூண்டில் நிற்பவருக்குத் தெரிவது அதன் முதுகும் ஒயர்களும் தூசியும் மட்டும். எல்லாக் கோர்ட்டிலும் அப்படித்தான் என்பதால் யாருக்கும் அது விநோதமாகப் படவில்லை.

எதிர்த்தரப்பு வக்கீலுக்கு நல்ல குரல். "உங்க கணவருக்குக் குடிப்பழக்கம் உண்டா இல்லையா? ஒரே வார்த்தைல சொல்லுங்க" என்றார்.

"ஒரே வார்த்தைல சொல்ற விஷயமா அது? சம்பள நாள்ல குடிப்பாரு. குடிச்சா என் வேன்ல ஏத்த மாட்டேன். தினமும் காலைல ஊதச் சொல்லுவேன். அன்னிக்கும் ஊதச் சொன்னேன். பிள்ளைங்க எல்லாம் ஊது மாமா ஊதுன்னு கத்துச்சுங்க. ஊதினாரு. வாடை இல்ல. ஏத்திக்கிட்டேன். நான்தான் கொண்டுபோய் இறக்கிவிட்டேன்."

ஹாலில் சிரிப்பு கிளம்பியது. நீதிபதிகூட உதட்டைக் கடித்துக்கொண்டார். அவருக்கு அன்றைக்கு ஜலதோஷம் வேறு. மூக்கைத் துடைத்துக்கொண்டு டைப்பிஸ்ட் பக்கம் திரும்பி முணுமுணுத்தார். விசைகள் தடதடத்தன. அடுத்த கேள்வி வந்தது. கொஞ்ச நேரத்தில் எல்லாம் முடிந்தது. பிரின்டரிலிருந்து வந்த தாளைக் கூண்டின் மேல் வைத்து, நூலில் கட்டிய பேனாவைக் கொடுத்து, "இங்க ஒரு கையெழுத்து, கீழ ஒண்ணு" என்றார் கோர்ட்டுச் சேவகரான டவாலி.

அப்பீல் அக்கா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். டவாலிக்கு முகம் மாறியது. யாரும் அங்கே கண்ணாடி மாட்டுவதில்லை.

'என் கணவருக்குக் குடிப்பழக்கம் உண்டு. சம்பவத்தன்று காலை அவரை நான் வேலையிடத்தில் இறக்கிவிட்டேன்.'

அவ்வளவுதான். ஊதியதும் இல்லை, பிள்ளைகள் கத்தியதும் இல்லை. தாளின் அடியில் வேறொரு வரி இருந்தது. 'படித்துக் காட்டக் கேட்டேன், சரி.'

"ஐயா, இதை நான் ஒத்துக்க மாட்டேன்" என்றாள்.

அவளுடைய வக்கீல் ஓடிவந்து காதருகில், "கையெழுத்துப் போட்டுட்டு இறங்குங்கம்மா. வாதத்துல நான் பார்த்துக்கறேன்" என்று கெஞ்சினார்.

"நீங்க அப்புறம் பாருங்க. இப்ப நான் பார்த்துக்கறேன்." அவள் நீதிபதியை நிமிர்ந்து பார்த்தாள். "ஐயா, படிச்சுக் காட்டினாங்க, கேட்டேன்னு போட்டிருக்கு. யாரு படிச்சுக் காட்டினாங்க?"

நீதிபதி கோபப்படவில்லை, முதலில். "அம்மா, சாராம்சம்தான் எழுதுவோம். இந்த மேஜை மேல எத்தனை கட்டு இருக்கு பாருங்க. ஒவ்வொருத்தர் பேசறதையும் அப்படியே எழுதினா உங்க கேஸ் உங்க பேத்தி காலத்துலதான் முடியும்."

"சுருக்கினா சீக்கிரம் முடியும்யா. ஆனா முடியறது என் கேஸா இருக்காது. வேற யாரோ ஒருத்தியோட கேஸா இருக்கும்."

"குடிப்பழக்கம் உண்டுன்னு சொன்னீங்களா, இல்லையா?"

"சொன்னேன். அது பாதி. மீதியை ஏன் விட்டீங்க?"

இப்போது அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "கையெழுத்துப் போட மறுத்துட்டாங்கன்னு எழுதிட்டு அடுத்த கேஸைக் கூப்பிட்டுடுவேன். உங்க சாட்சியமே நிக்காது."

"எழுதுங்கய்யா. ஏன் மறுத்தாங்கன்னும் சேர்த்து எழுதுங்க."

"இறங்குங்கம்மா" என்றார் டவாலி. அவள் கூண்டின் கட்டையை ஸ்டியரிங்கைப் பிடிக்கிற மாதிரி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். போலீஸ்காரர் ஒருவர் வாசலிலிருந்து எட்டிப் பார்த்தார். ஐம்பதைத் தாண்டிய பெண்ணை எங்கே பிடித்து எப்படி இறக்குவது என்று அவருக்கும் விளங்கவில்லை. நீதிபதி எழுந்து, நேரத்துக்கு முன்பே சாப்பாட்டு இடைவேளை என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

எல்லோரும் கலைந்தார்கள். அவள் கூண்டிலேயே நின்றாள். கால் வலித்தது, பயமாகவும் இருந்தது. அந்தப் பயத்தை அவள் முகத்தில் காட்டவில்லை, அவ்வளவுதான். மகள் தண்ணீர் பாட்டிலோடு வந்தாள்.

"அம்மா, வாம்மா. கேஸே போயிடும்னு வக்கீல் சொல்றாரு. ஒரு வரிக்குப் போய்..."

"அந்த ஒரு வரிலதான்டி உங்கப்பா இருக்காரு. சாயங்காலம் பிள்ளைங்களை எடுக்க அடுத்த வண்டிக்காரனுக்குப் போன் போட்டுச் சொல்லிடு. நான் இறங்கறதா இல்ல."

டைப்பிஸ்ட் அம்மா தன் மேஜையிலேயே டப்பாவைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சுற்றிலும் பார்த்துவிட்டு மெதுவாக, "ஊதச் சொன்னதை நானும் கேட்டேங்க. ஆனா ஐயா சொல்றதைத்தான் நான் அடிக்க முடியும்" என்றார்.

"சரிம்மா, உங்களைச் சொல்லல. அந்தக் கடைசி வரி? படிச்சுக் காட்டினதா?"

டைப்பிஸ்ட் அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அது மெஷின்லயே இருக்குங்க. எல்லாருக்கும் தானா வந்துடும்."

அப்பீல் அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. தாழ்வாரத்துப் பெஞ்சில் தன்னோடு உட்கார்ந்திருந்த அத்தனை பேரையும் நினைத்துக்கொண்டாள். நிலத்துக்காக வந்தவர், பிள்ளையைக் கேட்டு வந்தவள், எல்லோருக்கும் அது தானாக வந்திருக்கும். அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. கால் வலி மறந்துபோயிற்று.

இடைவேளை முடிந்து நீதிபதி வந்து உட்கார்ந்தார். கூண்டைப் பார்த்தார். உள்ளே அவருக்கு என்ன ஓடியதோ தெரியாது. அவர் சொன்னது இதுதான். "அந்த ஸ்கிரீனை அவங்க பக்கம் திருப்புங்க."

திருப்புவது அவ்வளவு சுலபமாக இல்லை. ஒயர் எட்டவில்லை. மேஜையோடு நகர்த்த வேண்டியிருந்தது. டவாலி ஒரு பக்கமும் இரண்டு இளம் வக்கீல்கள் மறுபக்கமும் கறுப்புக் கோட்டோடு மேஜையைத் தூக்கினார்கள். நாற்காலியோடு டைப்பிஸ்ட் அம்மாவும் நகர்ந்தார். தூசி கிளம்பி நீதிபதி இரண்டு தும்மல் போட்டார். எல்லாம் நின்றபின் திரை கூண்டைப் பார்த்து நின்றது. நீதிபதிக்கு இப்போது அதன் முதுகுதான் தெரிந்தது.

"நல்லாத் தெரியுதா? ஒவ்வொரு பதிலையும் நான் சொல்லச் சொல்லப் படிச்சுப் பாருங்க. தப்பா இருந்தா அங்கயே சொல்லணும். பின்னாடி வந்து அப்பீல் பண்ணக் கூடாது" என்றார்.

பின்வரிசையில் மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். நீதிபதிக்கு அந்தப் பெயர் தெரிய நியாயமில்லை.

முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். அவள் சொன்னாள், அவர் சொன்னார், எழுத்துகள் ஒவ்வொன்றாகத் திரையில் வந்தன. ஊதியது வந்தது. பிள்ளைகள் வந்தார்கள். வாடை இல்லை என்பது வந்தது. அவளுக்கு மூச்சு சீராயிற்று.

அப்போது எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். சும்மா விடுகிற ஆளில்லை அவர். "எல்லாத்தையும் முழுசா எழுதறதுன்னு ஆயிடுச்சு. சந்தோஷம். எனக்கும் ஒரு கேள்வி பாக்கி இருக்கு. குடிச்சுட்டு வந்து உங்களை அடிச்சிருக்காரா?"

அவளுடைய வக்கீல் ஆட்சேபித்தார். நீதிபதி அவளைப் பார்த்தார். அவள் பின்வரிசையைப் பார்த்தாள். மகளுக்கு இது தெரியாது. இத்தனை வருஷம் தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், யாராலும் பொய் என்று நிரூபிக்க முடியாது. மீதியை ஏன் விட்டீங்க என்று காலையில் கேட்ட வாய் அவளுடையது. அதுதான் அவளைக் கட்டிப்போட்டது.

"ஒரே ஒரு தடவை கை நீட்டினாரு. நான் திருப்பிக் குடுத்தேன். அதுக்கப்புறம் நீட்டினதில்ல."

யாரும் சிரிக்கவில்லை. நீதிபதி மூக்கைத் துடைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார். திரையில் எழுத்துகள் ஓடின. 'ஒருமுறை என்னை அடித்தார். அதன் பிறகு அடித்ததில்லை.'

"சரியா இருக்காம்மா?"

"இல்லய்யா. நடுவுல ஒண்ணு விட்டுப்போச்சு."

நீதிபதி குரலைத் தாழ்த்தினார். கனிவாகத்தான் பேசினார். "அது உங்களுக்கு நல்லதில்லைன்னு நானே விட்டேன்மா."

"எனக்கு எது நல்லதுன்னு நான் பார்த்துக்கறேன்யா. காலைல அவருக்குப் பாதகமா சுருக்கினீங்க. இப்ப எனக்குச் சாதகமா சுருக்கறீங்க. ரெண்டும் நான் சொன்னது இல்ல. நான் திருப்பிக் குடுத்தேன். அதையும் எழுதுங்க."

டைப்பிஸ்ட் அம்மா இந்தத் தடவை யாரையும் பார்க்கவில்லை. நீதிபதி வாயைத் திறப்பதற்குள் அடித்து முடித்துவிட்டார். 'நான் திருப்பிக் கொடுத்தேன். அதையும் எழுதுங்க.' கடைசி இரண்டு வார்த்தைகளும் சேர்ந்தே வந்துவிட்டன. அழிக்கவா என்று கேட்டார். நீதிபதி கொஞ்சம் யோசித்து, "இருக்கட்டும்" என்றார்.

அப்பீல் அக்கா கையெழுத்துப் போட்டாள். அன்றைக்கு அந்த அடிவரி உண்மையாக இருந்தது.

வெளியே வந்ததும் மகள் பஸ் நிறுத்தம் வரை அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். "திருப்பிக் குடுத்தியா? எதால?" என்றாள் கடைசியில். "சாப்பாட்டுத் தட்டால" என்றாள் அம்மா. இரண்டு பேரும் நடுத்தெருவில் நின்று சிரித்தார்கள், கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

திரை அப்புறம் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. மறுநாள் கூண்டேறிய ஆள், தாழ்வாரத்தில் கேள்விப்பட்டவர்போல, "எனக்கும் தெரியணும்" என்றார். அதற்கடுத்த நாளும் ஒருவர் கேட்டார். சில மாதம் கழித்து மேலிடத்திலிருந்து ஒரு குழு வந்து டீ குடித்து, பிஸ்கட் தின்று, நீதிமன்றத் தகவல் தொடர்பு மேம்பாட்டுத் திட்டம் என்று அதற்கு நீளமாக ஒரு பெயர் வைத்து, எல்லா ஹாலுக்கும் இரண்டாவது திரை வாங்கிக் கொடுத்தது. திறந்துவைத்த போட்டோவில் குழு முழுக்க இருக்கிறது. கால் கடுக்கக் கூண்டில் நின்றவள் இல்லை. இருந்திருந்தால் போட்டோ எடுத்த விதத்தையே ஒத்துக்கொண்டிருக்க மாட்டாள்.

அந்தக் கோர்ட்டில் அவள் ஜெயித்தாள். கம்பெனி விடவில்லை. மேல் கோர்ட்டுக்கு அப்பீல் போனது. "என் பேரை எடுத்துக்கிட்டானுங்க பாரு" என்றாள் அவள்.

மேல் கோர்ட் பெரிய ஹால். அங்கே சாட்சிகளைக் கூப்பிடுவதில்லை, கீழே எழுதியதைப் படிப்பதோடு சரி. அவள் யார், எப்படி நிற்பாள், எப்படிப் பேசுவாள் என்பதெல்லாம் மேலே உட்கார்ந்திருந்த இரண்டு நீதிபதிகளுக்கும் தெரியாது. இனி அவர்களிடம் பேசப்போவது அந்தத் தாள் மட்டும்தான். பின்பெஞ்சில் மகளோடு உட்கார்ந்திருந்தபோதுதான் இது அவளுக்குப் புரிந்தது. அன்றைக்குக் கூண்டைவிட்டு இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருந்தது.

கம்பெனியின் பெரிய வக்கீல், "குடிப்பழக்கத்தை மனைவியே ஒப்புக்கொண்டிருக்கிறார்" என்றார்.

இருவரில் நடுத்தர வயதுப் பெண் நீதிபதி, "முழுசாப் படிக்கலாமே" என்று சொல்லி, ஏற்ற இறக்கமில்லாத குரலில் வாசிக்க ஆரம்பித்தார். "'அன்றும் ஊதச் சொன்னேன். பிள்ளைகள் எல்லாம் ஊது மாமா ஊது என்று கத்தினார்கள். ஊதினார். வாடை இல்லை. ஏற்றிக்கொண்டேன்.'" அந்தப் பெரிய ஹாலில், முன்பின் தெரியாத ஒருத்தியின் வாயில், அவள் புருஷன் கன்னத்தை உப்பிக்கொண்டு வேன் கதவருகே வந்து நின்றார். அப்பீல் அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

நீதிபதி தாளைப் புரட்டினார். "'ஒருமுறை என்னை அடித்தார். நான் திருப்பிக் கொடுத்தேன். அதையும் எழுதுங்க.'" கண்ணாடிக்கு மேலே நிமிர்ந்து வக்கீலைப் பார்த்தார். "தனக்கு எதிரா இருக்கறதையும் எழுதுங்கன்னு கேட்டு வாங்கின சாட்சி இவங்க. அவர் குடிக்கலன்னு இவங்க சொன்னா, அதை நான் எதுக்காக நம்பாம இருக்கணும்?"

வக்கீல் உட்கார்ந்தார். பக்கத்து நீதிபதியோடு இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் பெண் நீதிபதி தீர்ப்பைச் சொன்னார். சம்பவத்தன்று இறந்தவர் குடித்திருக்கவில்லை. கம்பெனியின் அப்பீல் தள்ளுபடி.

மகள் தோளில் சாய்ந்துகொண்டு, "இந்தத் தீர்ப்பையாவது ஒத்துக்கறியா?" என்று கிசுகிசுத்தாள்.

அப்பீல் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பதிலை மகளிடம் சொல்லவில்லை. தினமும் காலையில் புருஷனுக்கு வேன் கதவைத் திறந்துவிடும்போது பேசிய அந்தக் குரலில், எதிரே காலியாக இருந்த இடத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"ஒத்துக்கறேன். ஏறு."